காந்திக் குல்லாயும் ஒரு துணையாசிரியரும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் கதை: வரலாற்றுத் தொடர்

1941 மே 6-ஆம் தேதி, தமிழ் நேசன் பத்திரிகையின் துணையாசிரியர் ஆர். எச். நாதனைக் காவல்துறை கைது செய்தது. மே 16-ஆம் தேதி சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இடையில் இருந்தது பத்தே நாள்.

துணையாசிரியர் வேலை வெளியே தெரியாத வேலை. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்தியைத் தமிழாக்க வேண்டும், தலைப்புப் போட வேண்டும், வாசகர் கடிதங்களைச் சுருக்க வேண்டும், ஈய எழுத்து கோத்து எடுத்த புரூபில் பிழை பார்க்க வேண்டும். பத்திரிகையில் அவர் பெயர்கூட வராது. அப்படியொரு மனிதரைப் பிடித்துக்கொண்டு போனதற்காக ஆயிரக்கணக்கான ரப்பர் தொழிலாளர்கள் பால்வெட்டுக் கத்தியைக் கீழே போட்டார்கள். அரசாங்கம் பட்டாளத்தை இறக்கியது. ஐந்து உயிர் போனது. மலேசியத் தமிழர் வரலாற்றில் இவ்வளவு பெரிய இடம் பெற்றிருக்க வேண்டிய ஒருவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? இந்தப் பகுதியை அவருக்கென்றே ஒதுக்குகிறேன்.

நாதனைப் புரிந்துகொள்ள, அவர் வேலை பார்த்த ஊரில் எழுத்தும் அச்சும் யாருக்காக இருந்தன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

தொடரைத் தொடர்ந்து படித்துவருபவர்களுக்கு 1857 நினைவிருக்கும். கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகைத் தள்ளிக்கொண்டு மேலேறி, கோம்பாக் ஆறு வந்து சேரும் இடத்தில் இறங்கி, காட்டுக்குள் நடந்து அம்பாங் போய் ஈயம் தேடினார்கள். ஒரே மாதத்தில் 69 பேர் மலேரியாவுக்குப் பலியானார்கள். மிச்சப் பதினெட்டுப் பேரும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் தோண்டிய குழிகளுக்கு நடுவில் எழுந்ததுதான் கோலாலம்பூர். அத்தாப்புக் கூரைகள், சூதாட்டக் கொட்டகைகள், கோஷ்டிச் சண்டைகள், உள்நாட்டுப் போர், 1881-இல் ஊரையே சாம்பலாக்கிய நெருப்பு, அதே ஆண்டு வந்த வெள்ளம். இத்தனைக்கும் ஈயத்தின் விலை ஏறியபோதெல்லாம் ஊரும் எழுந்தது. 1880-இல் மாநிலத் தலைநகரம் கிள்ளானிலிருந்து இங்கே மாறிவிட்டது. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. அத்தாப்புக்குப் பதில் செங்கல்லில் கட்டு என்று அரசாங்கம் உத்தரவிட, செங்கல் சூளைகள் பெருகிய இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆனது. பின்னர் அங்கே ரயில்வேத் தமிழர்கள் குடியேறினார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு பத்திரிகை வேண்டும் என்று முதலில் துணிந்தவர் ஜே. எச். எம். ராப்சன் என்ற இளைஞர். 1889-இல் மலாயாவுக்கு வந்து அரசாங்க வேலையில் இருந்தவர், 1896-இல் அந்த வேலையை விட்டார். டிசம்பர் 14-ஆம் தேதி 'மலாய் மெயில்' நாளிதழைக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. மலாய்க் கூட்டு மாநிலங்களின் தலைநகராகக் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுத்ததும் அதே ஆண்டில்தான். ஊர் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சரியாகக் கணித்த துணிச்சல்காரர் அவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பத்திரிகை யாரை மனத்தில் வைத்து அச்சிடப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் படித்த அதிகாரி, சுரங்க முதலாளி, தோட்டத் துரை, கிளப்புக்குப் போகிறவர். ரயில் தண்டவாளத்துக்குச் சரளை கொட்டிய தமிழனும், சுரங்கக் குழியில் மண் சுமந்த சீனனும் அதில் செய்தியாக வரலாம். அவர்களை வாசகர்களாக நினைத்து யாரும் எழுதவில்லை.

ஈயத்தில் பணம் பண்ணிய தமிழர் இல்லாமலில்லை. தம்புசாமிப் பிள்ளையைப் பற்றி முன்பே விரிவாகப் பார்த்தோம். ரவாங் சுரங்கத்தில் சீனச் சுரங்க அதிபர் லோக் யூவோடு கூட்டுச் சேர்ந்து மின்சார இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் அவர். மகாமாரியம்மன் கோயிலும் பத்துமலையும் அவர் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் தொடக்ககால அறங்காவலர்களில் அவரும் ஒருவர். ஆனால் தம்புசாமிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக இந்தப் பள்ளத்தாக்கில் இறக்கியது ஈயமல்ல, ரப்பர்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டது. 1910-இல் ரப்பர் விலை வானத்துக்குப் போனது. கிள்ளான், கோல லங்காட், கோல சிலாங்கூர் வட்டாரங்களின் சதுப்புக் காடுகள் வடிகால் வெட்டி ரப்பர்த் தோட்டங்களாயின. கேரித் தீவும் அப்படித்தான் தோட்டமானது. கங்காணிகள் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடஆற்காடு மாவட்டங்களுக்குப் போய் ஆள் கட்டி வந்தார்கள். 1901-இல் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், இன்றைய கோலக் கிள்ளானில், அவர்களில் பலர் இறங்கினார்கள். 1931 கணக்கெடுப்பில் மலாயா இந்தியர்கள் ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழர்கள்.

இவர்களுக்கு ஒரு பத்திரிகை என்ற எண்ணம் கைகூடியது 1924 செப்டம்பர் 10 அன்று. கி. நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தமிழ் நேசனைத் தொடங்கினார். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தமிழ் இதழ்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்தவைதான். அவை பெரும்பாலும் நீடிக்கவில்லை. நேசன் நீடித்தது. வார இதழாகப் பிறந்து, நாளிதழாக வளர்ந்து, 2019 பிப்ரவரி வரை உயிரோடிருந்தது. ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இது சாதாரண ஆயுளல்ல.

நேசனை நான் குறையில்லாத பத்திரிகை என்று சொல்ல மாட்டேன். 1929-இல் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது அது அவருக்கு எதிராக நின்றது. அந்த எதிர்ப்பின் சூட்டில்தான் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் முகாம் வலுப்பெற்றது. 'முன்னேற்றம்' இதழ், பிறகு 1935-இல் 'தமிழ் முரசு' இதழ் என்று அந்த முகாம் வளர்ந்தது. சாதிக் கேள்வியில் நேசன் பின்தங்கிய இடத்தில் நின்றது என்றே நினைக்கிறேன். ஆனால் இந்தியத் தொழிலாளியின் கூலி, அவன் குடியிருந்த லயத்தின் அவலம், இந்தியாவின் விடுதலைப் போராட்டம் ஆகியவற்றைத் தமிழில் தொடர்ந்து பேச ஒரு மேடை கோலாலம்பூரில் இருந்ததென்றால் அது நேசன்தான்.

அந்த நாளில் தோட்டத்துக்கு ஒரு பத்திரிகை போனால் அதைப் படித்தவர் ஒருவராக இருக்கமாட்டார். எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் தோட்டப் பள்ளி வாத்தியார், வேலை முடிந்த மாலையில் உரக்கப் படிப்பார். சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் பேசுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் நடந்தது இந்தத் தோட்டத்துக்குத் தெரியவந்தது இப்படித்தான். ஒவ்வொரு தோட்டமும் தனித்தனித் தீவாக இருந்த காலம் அது. துரையின் அனுமதியில்லாமல் உள்ளே யாரும் போக முடியாது. சொந்த அண்ணன் தம்பியைப் பார்க்கப் போவதற்கும் அனுமதி வேண்டும். அந்தத் தீவுகளுக்கு இடையே தடுப்பார் இல்லாமல் போய்வந்தது அச்சடித்த தாள் ஒன்றே.

இந்தப் பத்திரிகையில்தான் நாதன் வேலை செய்தார்.

1930-களில் மலாயா நிலவரம் கொதிநிலைக்கு வந்துகொண்டிருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். இருந்தவர்களின் கூலியை வெட்டினார்கள். ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு என்பது 1920-களின் இறுதியில் அரசாங்கக் குழு நிர்ணயித்த கூலி. அந்தக் கூலியே பத்தாண்டு கழித்தும் நிலையாகக் கிடைக்கவில்லை. 1937 மார்ச்சில் சிலாங்கூரின் காஜாங் வட்டாரச் சீனத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். அரசாங்கம் அதை அடக்கியது. ஆனாலும் கூலி ஏறியது. சீனனுக்கு ஏறிய அளவு தமிழனுக்கும் ஏறியதா? இல்லை. ஒரே தோட்டத்தில், ஒரே மரத்தில், ஒரே பாலை வெட்டிய இருவருக்கு இருவேறு கூலி. இந்தக் கணக்கு எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்தது.

அதே 1937-இல் இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரியின் அறிக்கை வந்தது. தொழிலாளர்கள் எதிர்பார்த்தது அதில் இல்லை. நேருவும் அதே ஆண்டு மலாயாவுக்கு வந்து போனார். அவரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் தோட்டத்து மக்கள் திரளாக இருந்தார்கள். 1938-இல் விலை சரிந்ததென்று தோட்ட முதலாளிகள் மறுபடியும் ஐந்து காசைக் குறைத்தார்கள். பொறுமையிழந்த இந்திய அரசு அந்த ஜூன் மாதத்தோடு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. புதிதாக ஆள் வருவது நின்றதும், இருக்கிற ஆளின் மதிப்பு கூடியது. துரைமார் இதை உணரத் தாமதமானது. தொழிலாளர்கள் சீக்கிரமே உணர்ந்துவிட்டார்கள்.

பிறகு ஐரோப்பாவில் போர் மூண்டது. மலாயாவின் ரப்பரையும் ஈயத்தையும் அமெரிக்கா வாங்கிக் குவித்தது. அந்த டாலர்தான் பிரிட்டனின் போர்ச் செலவுக்குக் கைகொடுத்தது. தோட்டக் கம்பெனிகளுக்கு வருமானம் பெருகியது. அரிசி, துணி, எண்ணெய் விலையும் பெருகியது. கூலி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

இந்தச் சமயத்தில் உருவானதுதான் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். ஒய். கே. மேனனும் ஆர். எச். நாதனும் அதன் முன்னணியில் நின்றார்கள். தொழிற்சங்கச் சட்டம் 1940-இல் எழுதப்பட்டது. அது நடைமுறைக்கு வர இழுத்துக்கொண்டே போனது. ஆகவே தொழிலாளர்கள் சட்டப்படி சங்கம் வைக்க வழியில்லாத நிலையில், இந்தியர் சங்கம் என்ற பெயரில் அந்த வேலையைச் செய்தார்கள். முன்பிருந்த இந்தியத் தலைவர்களிடமிருந்து நாதன் வேறுபட்டது இங்கேதான். மலாயா இந்தியர் மத்தியச் சங்கம் 1936 முதலே இருந்தது. வக்கீல்களும் டாக்டர்களும் வியாபாரிகளும் நடத்திய அமைப்பு அது. அவர்கள் அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள், புள்ளிவிவரம் சேர்த்தார்கள், இந்தியாவுக்குத் தகவல் அனுப்பினார்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் லயத்துக்குள் போய் உட்கார்ந்து, 'உங்கள் குறையை நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்டது கிள்ளான் சங்கம்.

பத்திரிகை ஆபீசில் தினமும் தோட்டங்களிலிருந்து கடிதம் வரும். இந்தத் தோட்டத்தில் கிராணி (தோட்டக் கணக்கர்) அடித்துவிட்டான், அந்தத் தோட்டத்தில் ஆஸ்பத்திரி இல்லை, இன்னொரு தோட்டத்தில் கங்காணி பெண்ணிடம் தகாதபடி நடந்துகொண்டான் என்று. ஒவ்வொன்றும் ஒரு தனி ஆளின் தனிக் குறை. அவற்றை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்ப்பது துணையாசிரியரின் அன்றாட வேலை. அப்படிப் பார்க்கும்போதுதான் நாற்பது தோட்டத்து நாற்பது குறையும் ஒரே குறை என்று புலப்படும். நாதனின் பலம் மேடைப் பேச்சில் மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சிதறிக் கிடந்ததைத் தொகுக்கத் தெரிந்தவரிடம் இருந்த பலம் அது.

அந்தத் தொகுப்பை நாம் இன்றும் படிக்கலாம். கிள்ளான் தொழிலாளர்கள் 1941-இல் முன்வைத்த பன்னிரண்டு கோரிக்கைகள் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும் என்பது அதில் உண்டு. பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழி என்பது உண்டு. பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு, ஒழுங்கான மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோவது, பேசவும் கூடவும் சுதந்திரம், குறை சொன்னவரைப் பழிவாங்காமல் இருப்பது எல்லாம் உண்டு. கொடுமைக்கார கிராணிகளை நீக்கித் தமிழ் பேசத் தெரிந்தவர்களை வைக்கச் சொன்னார்கள். வெள்ளைக்காரர்களும், வெள்ளைக்காரரைப் போல நடந்துகொண்ட கறுப்புத் துரைகளும் எங்கள் பெண்கள்மேல் கை வைக்கக்கூடாது என்றார்கள்.

இவற்றுக்கு நடுவில் ஒரு கோரிக்கை இருக்கிறது. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் தொழிலாளி சைக்கிளில் இருந்து இறங்காமல் போக உரிமை வேண்டும்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தோட்டத்துச் சடக்கில் ஒரு தமிழன் சைக்கிளில் வருகிறான். சீட்டுக் கட்டியோ, கடன் வாங்கியோ வாங்கிய சைக்கிள். எதிரே துரையின் கார், அல்லது பெரிய கிராணி. இவன் இறங்க வேண்டும். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அவர் கடந்து போன பிறகு ஏறிக்கொள்ளலாம். இறங்காவிட்டால் திமிர் என்று பெயர். வேலை போகலாம், லயத்தை விட்டுத் துரத்தலாம். மேலே சட்டை போட்டுக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு எதிரே வருவதும் குற்றம்போலப் பார்க்கப்பட்ட தோட்டங்கள் இருந்தன.

பொருளாதாரம் படித்தவர்கள் வேலைநிறுத்தத்தைக் காசுக் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஐந்து காசா, பத்துக் காசா என்று. சைக்கிளில் உட்கார்ந்து போகும் உரிமைக்கு எத்தனை காசு? கூலிக் கோரிக்கையோடு இதையும் அதே தாளில், அதே வரிசையில், வெட்கப்படாமல் எழுதிய கைகளை நான் மிகவும் மதிக்கிறேன். மனு எழுதிப் பழகிய படித்த தலைவர்களாக இருந்தால் இதை 'சின்ன விஷயம்' என்று அடித்திருப்பார்கள். லயத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டவர்களால்தான் இதை விடாமல் எழுத முடிந்திருக்கிறது.

1941 தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. மார்ச் மாதத்தில் அது பல தோட்டங்களுக்குப் பரவியது. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கொம்பு ஊதும், ஆள் வராது. மரங்கள் வெட்டாமல் நிற்கும். தொழிலாளர்கள் தலையில் வெள்ளைக் காந்திக் குல்லாய் போட்டுக்கொண்டார்கள், காங்கிரஸ் கொடியைக் கட்டினார்கள். துரைமாருக்குக் கூலிக் கோரிக்கையைவிட அந்தக் குல்லாய்தான் உறுத்தியது என்று தோன்றுகிறது. கூலி கேட்கிறவன் இன்னும் கூலிக்காரன்தான். குல்லாய் போட்டவன் நிமிர்ந்து பார்க்கிறான்.

ஏப்ரல் தொடக்கத்தில் முதலாளிகள் இறங்கிவந்து கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். சீனருக்குச் சமமாக்கவில்லை. அதோடு பிரச்சினை முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை. காசு போக மிச்சக் கோரிக்கைகள் அப்படியே இருந்தன. அடித்த கிராணி அதே இடத்தில் இருந்தான். சங்கத்தோடு பேசுவதற்கே பல தோட்ட நிர்வாகங்கள் மறுத்தன. அதனால் கூலி உயர்ந்த பிறகும் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. போர்க்காலத்தில் ரப்பர் நின்றால் பிரிட்டனின் டாலர் வரவு நிற்கும். சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஷென்டன் தாமஸ் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்ட முதலாளிகள் அவரிடம் சொன்னது, காலனிய அரசுகள் எல்லாக் காலத்திலும் நம்ப விரும்பிய ஒரு கதை: எங்கள் கூலிக்காரர்கள் நல்லவர்கள், வெளியிலிருந்து வந்த ஒரு தூண்டுவோன் அவர்களைக் கெடுக்கிறான். அவனை அப்புறப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்.

மே 6-ஆம் தேதி நாதனைப் பிடித்தார்கள்.

தூண்டிவிட்டவர் போனால் தூண்டப்பட்டவர் அடங்க வேண்டும் அல்லவா? நேர்மாறாக நடந்தது. அவரை விடுதலை செய்யச் சொல்லித் தொழிலாளர்கள் திரண்டார்கள். கிள்ளான் வட்டாரத்தோடு நின்றிருந்த வேலைநிறுத்தம் கோல லங்காட், கோல சிலாங்கூர் பக்கமும் விரிந்தது. முன்பு கூலி கேட்டு நின்றவர்கள் இப்போது ஒரு மனிதரைத் திருப்பிக் கேட்டு நின்றார்கள். இதுவரை சேராத தோட்டங்களும் சேர்ந்தன. பெண்களும் முன்வரிசையில் வந்தார்கள். கூட்டங்களுக்குத் தடை வந்தது, தடியடி நடந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. மே 16-ஆம் தேதி அவசரகாலம் அறிவித்து ராணுவத்தைக் கொண்டுவந்தார்கள். மலாயாவைக் காக்க வந்திருந்த இந்தியப் படையினரும் அதில் இருந்தார்கள். ஊரில் விவசாயம் பொய்த்துப் பட்டாளத்தில் சேர்ந்தவனும், ஊரில் விவசாயம் பொய்த்துக் கங்காணியோடு கப்பலேறியவனும், கிள்ளானின் ரப்பர் நிழலில் எதிரெதிரே நின்றார்கள்.

ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பலர் நாடு கடத்தப்பட்டார்கள். இன்னும் பலர், சிறையா ஊரா என்று கேட்கப்பட்டு, ஊருக்கே போய்விடுகிறோம் என்று கப்பலேறினார்கள். வேலை பார்த்த தோட்டத்துக்குத் திரும்பக்கூடாது என்ற நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டவர்களும் உண்டு. மே மாத இறுதிக்குள் தோட்டங்கள் வேலைக்குத் திரும்பின. நாதனும் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இந்திய அரசின் ஏஜென்டாக அப்போது மலாயாவில் இருந்தவர் சுபிமல் தத், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் வெளியுறவுச் செயலாளர் ஆனவர். நடந்தது குறித்து இந்தியத் தரப்பு ஆட்சேபம் எழுப்பியது. மலாயா அரசாங்கம் தன் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. வெளியிலிருந்து வந்த அரசியல், போர்க்காலத்தில் சதி என்றெல்லாம் விளக்கம் எழுதப்பட்டது. அந்த விளக்கங்களில் ஒரு கேள்விக்கு மட்டும் பதிலில்லை: நாதன் தூண்டிவிட்டதால்தான் இவர்கள் எழுந்தார்கள் என்றால், நாதன் உள்ளே போன பிறகு யார் தூண்டி இவ்வளவு பேர் எழுந்தார்கள்? பன்னிரண்டு கோரிக்கைகளில் ஒன்றையாவது நாதன் தன் மூளையிலிருந்து கண்டுபிடித்திருக்க முடியுமா? சைக்கிளில் இருந்து இறங்கியவர் நாதன் அல்லவே. அடி வாங்கியது அவர் முதுகு அல்லவே. லயத்து மக்கள் ஒரு தலைமுறையாக அறிந்திருந்ததை ஒரு பத்திரிகைக்காரர் வரிசைப்படுத்தி எழுத உதவினார். எழுதியவரைப் பிடித்துவிட்டால் எழுதியது அழிந்துவிடும் என்று ஓர் அரசாங்கம் நம்பியது. கிள்ளான் வேலைநிறுத்தத்தின் முழு வரலாற்றிலும் எனக்கு மிகப் பெரிய பிழையாகத் தெரிவது அந்த நம்பிக்கைதான். அதற்கு விலை ஐந்து உயிர்.

ஒரு வாதத்துக்கும் இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்திரிகையாளர் செய்தி எழுத வேண்டியவர், சங்கம் கட்டலாமா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி, பத்திரிகையைத் தவிர வேறு வழிகளும் திறந்திருக்கும் நாட்டுக்குப் பொருந்தும். தோட்டத்துக்குள் வெளியாள் நுழையக்கூடாது, சங்கம் வைக்கச் சட்டப்படி வழி இல்லை, வாக்குரிமை இல்லை, நீதிமன்றம் ஏற வசதி இல்லை என்றிருந்த 1941 மலாயாவில், குறையைக் கேட்டு எழுதிவிட்டு மேசைக்குத் திரும்பி அடுத்த தந்தியை மொழிபெயர்க்க நாதனுக்கு மனம் வரவில்லை. மேசையை விட்டு எழுந்து போனதற்காக அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. ராப்சன் தன் பத்திரிகையால் ஊரில் பெரிய மனிதரானார், கூட்டு மாநிலங்களின் ஆட்சி மன்றத்திலும் உட்கார்ந்தார். நாதனுக்குத் தன் பத்திரிகையால் கிடைத்தது நாடு கடத்தல். இருவருமே ஈயமும் ரப்பரும் கொழித்த இந்த ஊரின் பத்திரிகைக்காரர்கள்தான். ஒருவர் பெயரைப் பழைய கோலாலம்பூர் பற்றிய எந்த நூலிலும் பார்க்கலாம். மற்றவர் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

நாதனைக் கப்பலேற்றிய அரசாங்கத்துக்கு அதன்பின் மலாயாவில் அதிக நாள் மிஞ்சவில்லை. 1941 டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். துரைமார் தோட்டங்களை விட்டுத் தெற்கே ஓடினார்கள். தொழிலாளர்களை அம்போவென்று விட்டுவிட்டுத்தான் ஓடினார்கள். 1942 ஜனவரி 11-ஆம் தேதி கோலாலம்பூர் வீழ்ந்தது. கிள்ளானில் குல்லாய் போட்டவர்களில் பலரை ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை விழுங்கியிருக்கும். இன்னும் பலர் இந்திய தேசிய ராணுவத்தின் சீருடையை மாட்டிக்கொண்டிருப்பார்கள். போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது, சைக்கிளில் இருந்து இறங்கச் சொன்னால் இறங்க ஆளில்லை. 1946-லும் 47-லும் தோட்டங்களில் எழுந்த தொழிற்சங்கங்கள் கிள்ளான் கோரிக்கைகளையே மறுபடி கையில் எடுத்தன. அந்தச் சங்கங்களின் அகில மலாயாக் கூட்டமைப்புக்குத் தலைவராக வந்தவர் எஸ். ஏ. கணபதி. 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட அவரைப் பற்றி அடுத்த பகுதியில்.